மேடையில் எதிராளியின் குரல்: நீலகேசி காட்டும் பேச்சு நெறி

நம் சங்கத்தின் பொங்கல் விழாவையொட்டி 2018-ஆம் ஆண்டு நடந்த பேச்சுப் போட்டியில் மூன்று நடுவர்களில் அடியேனும் ஒருவன். தலைப்பு நம் குடும்பங்களைத் தொட்ட தலைப்பு. வெளிமாநிலத்தில் வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ் பேசத் தெரிந்தால் போதுமா, எழுதப் படிக்கவும் தெரிய வேண்டுமா என்பது.

எழுதப் படிக்க வேண்டும் என்ற கட்சியில் முதலில் ஏறியவன் ஒரு பையன். உரை தகப்பனார் எழுதிக் கொடுத்தது. அதில் தவறொன்றும் இல்லை, நம் பிள்ளைகளில் பலருக்கும் அப்படித்தான். தமிழின் தொன்மை, கடல் கடந்த வாணிகம், கல்லணை, தஞ்சைப் பெரிய கோயில் என்று மூச்சு விடாமல் அடுக்கினான். நடுவில் ஒரு வரி மறந்துபோயிற்று. கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அவையோர்க்கு வணக்கம் சொல்லி முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்துவிட்டான்! கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. முதல் பரிசு அவனுக்கே.

அதே கட்சியில் கடைசியாகப் பேசியது பன்னிரண்டு வயதுப் பெண். கையில் தாள் இல்லை. அவள் சொன்னது ஏறக்குறைய இதுதான்: "எதிரணி அண்ணா, ஸ்கூல்ல ஏற்கெனவே மூணு பாஷை இருக்கு, வீட்ல தமிழ் பேசறோம், அது போதும்னு சொன்னாங்க. அது நிஜம்தான். எனக்கும் ஞாயித்துக்கிழமை தமிழ் கிளாஸ் போகப் பிடிக்கல. ஆனா எங்க பாட்டி இறந்தப்புறம் பெட்டியில ஒரு நோட்டு இருந்துச்சு. அப்பா எங்களுக்குப் படிச்சுக் காட்டினாங்க. நடுவுல ரெண்டு பக்கத்தைப் படிக்காம திருப்பிட்டாங்க. அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியணும்னா நானே படிக்கத் தெரிஞ்சுக்கணும்." அவ்வளவுதான். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

நடுவர்கள் கூடியபோது ஒருவர் சொன்னார், "நயினாரே, இந்தப் பொண்ணு எதிர்க்கட்சிக்குப் பாதி விட்டுக் கொடுத்துட்டுதே!" இன்னொருவர், குரல் மேலே எழும்பவில்லை என்றார். மதிப்பெண் தாளில் ஐந்து கட்டம்: கருத்து உறுதி, குரல் வளம், உச்சரிப்பு, மேடைத் தோற்றம், நேரம். கருத்து உறுதிக்கு நான் பத்துக்கு நான்கு போட்டுக் கையெழுத்தும் வைத்தேன். வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் நாற்பது வருஷமாக நான் திரும்பத் திரும்பப் படித்து வரும் புத்தகம் நீலகேசி. அந்தப் புத்தகம் முழுக்கச் செய்கிற காரியத்தைத்தான் அந்தக் குழந்தை செய்தது. அதற்கு நான் நான்கு போட்டேன்.

அந்த உறுத்தலில் எழுந்ததுதான் இக்கட்டுரை.

பேச்சுக் கலை என்றதும் எல்லோரும் திருக்குறளைத்தான் எடுப்போம். நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். ஆனால் குறள்களை விட்டுவிட்டு அதிகாரங்களின் வரிசையைப் பாருங்கள். குறிப்பறிதல் 71-ஆவது அதிகாரம். அவையறிதல் 72. அவையஞ்சாமை 73. ஒருவன் முகத்தைப் பார்த்து அவன் மனத்தை அறிவது முதலில். கூடியிருக்கும் பல முகங்களைப் பார்த்து அவையின் தரத்தை அறிவது அடுத்து. பயப்படாமல் பேசுவது அதற்கும் பிறகு. இன்று பேச்சுப் பயிற்சி என்று பணம் வாங்கிக்கொண்டு நடத்துகிற இடங்களில் இந்த வரிசை தலைகீழ். முதல் பாடமே கூச்சம் போக்குவது. எதிரே இருப்பவர்களைப் பற்றிக் கவலைப்படாதே, பின் சுவரைப் பார்த்துப் பேசு என்கிறார்கள். வள்ளுவர் அச்சத்தைக் குறைவாக எடை போடவில்லை. அவைக்கு அஞ்சுகிறவனின் படிப்பைப் பேடியின் கை வாளுக்கு ஒப்பிட்டவர் அவர். ஆனாலும் அந்தப் பத்துக் குறளை அவையறிதலுக்குப் பின்னால்தான் வைத்தார். (வள்ளுவர் எங்கள் சமயத்தவர் என்பது எங்கள் வீடுகளில் சொல்லும் வழக்கு. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் அதை நூலாகவே எழுதி வாதாடியிருக்கிறார். அந்த வழக்கை இங்கே நான் கிளப்பவில்லை.)

சமண முனிவர்கள் பாடியதாகச் சொல்லப்படும் நாலடியாரிலும் அவையறிதல் என்று ஓர் அதிகாரம் உண்டு. அதில் ஒரு பாட்டின் கருத்தைக் கேட்டால் நம் விழா மேடைகள் கண்முன் வரும். நாக்கால் பாடத்தை ஒப்பித்துவிட்டு அதன் நயம் உணர்ந்தவனைப் போல நடிக்கும் புலவனோடு நல்லவர்கள் சேரமாட்டார்கள். ஏன் என்றால் வாதம் முற்றும்போது அவனிடம் சரக்கு இருக்காது. உடனே எதிரே இருப்பவனின் குலத்தைப் பழிப்பான், அல்லது தோளைத் தட்டிக்கொண்டு சண்டைக்கு எழுவான். மனப்பாடத்துக்கும் வசைக்கும் இருக்கிற உறவை ஆயிரம் வருஷத்துக்கு முந்தியே ஒருவர் பார்த்திருக்கிறார். நம் பையன் வசை பாடவில்லை, பாவம், குழந்தை. மறந்துபோன இடத்தில் முதல் வரிக்குத்தான் ஓடினான். ஆனால் இதே பழக்கத்தோடு வளர்ந்து மேடை ஏறுகிற பெரியவர்களை நாம் பார்க்காமலா இருக்கிறோம்?

அடுத்தது நன்னூல். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொள்ள, சமணத் துறவி பவணந்தி செய்த இலக்கணம். பள்ளிக்கூடத்தில் எழுத்தும் சொல்லும் படித்து அலுத்தவர்கள் அதன் பாயிரத்தைப் பெரும்பாலும் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அங்கே ஆசிரியன் எப்படிப் பாடம் சொல்ல வேண்டும் என்று வருகிறது. இடமும் காலமும் பார்த்து உட்கார வேண்டும். சொல்லப்போகும் பொருளை முதலில் தன் உள்ளத்தில் அமைத்துக்கொள்ள வேண்டும். அவசரப்படக்கூடாது, கோபப்படக்கூடாது, முகம் மலர்ந்திருக்க வேண்டும். கேட்கிறவன் எந்த அளவுக்குக் கொள்வான் என்று அறிந்து, அவன் மனம் கொள்ளும்படி கொடுக்க வேண்டும். இன்று கம்பெனிகளில் 'பிரசன்டேஷன்' என்று ஒன்று நடக்கிறதே, என் மகன் ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து படம் படமாகத் தயார் செய்கிறானே, அதற்கும் இதைவிட நல்ல குறிப்பு கிடைக்குமா என்று தெரியவில்லை. ஒருநாள் அவன் அறுபது படம் தயார் செய்திருந்தான். "கேட்கிறவங்க எத்தனை பேருடா?" என்றேன். "தெரியலப்பா" என்றான்.

பவணந்தியார் நூலுக்குப் பத்துக் குற்றமும் பத்து அழகும் சொல்கிறார். நூலுக்குச் சொன்னதுதான், பேச்சுக்கு என்று அவர் சொல்லவில்லை. இருந்தாலும் பொருத்திப் பாருங்கள். கூறியது கூறல் குற்றம். எடுத்த பொருளை விட்டு மற்றொன்று விரித்தலும் குற்றம். பெரிய ஆரவாரத்தோடு தொடங்கிப் போகப் போகத் தேய்ந்து முடிவதும் குற்றம். வாழ்த்துரை வழங்க வரும் பிரமுகர்கள் இந்த மூன்றையும் பத்து நிமிடத்துக்குள் செய்து காட்டிவிடுவார்கள்! அழகுகளில் முதலாவது சுருங்கச் சொல்வது. ஓசை உடைமையும் பட்டியலில் இருக்கிறது, ஐந்தாவதாக. அதாவது பத்தில் ஒன்று. நம் மதிப்பெண் தாளிலோ குரல் வளம், உச்சரிப்பு, மேடைத் தோற்றம் என்று ஓசைக்கும் தோற்றத்துக்கும் ஐந்தில் மூன்று.

அதே பாயிரத்தில் இன்னும் ஒரு கணக்கு உண்டு. வியாபாரி என்பதால் எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு செவ்வையாகக் கேட்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்குதான். உடன் படிப்பவர்களோடு பேசிப் பழகும்போது இன்னொரு கால். மிச்சம் அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு விரித்துச் சொல்லும்போதுதான் வந்து சேருகிறது. நாம் என்ன நினைக்கிறோம்? படித்து முடித்தவன் மேடை ஏறுவான் என்று நினைக்கிறோம். பவணந்தியார் கணக்கில் மேடை ஏறும்போது அவன் பாதிதான் படித்திருக்கிறான். மீதியைக் கேட்பவர்கள் முன்னால் நின்று படிக்கிறான். இதை ஒப்புக்கொண்டால் பிள்ளைகளுக்கு உரை எழுதிக் கொடுப்பது அவர்களுக்கு வரவேண்டிய அரைப் பங்கை நாமே எடுத்துக்கொள்வதாகும்.

நூலாசிரியனின் ஏழு மதங்கள் என்று நன்னூல் சொல்வதில் ஒன்று: பிறர் கொள்கையை முதலில் தான் ஏற்றுக்கொண்டு சொல்லி, பிறகு அதைக் களைவது. வெறுமனே மறுத்தல் என்பது அந்த ஏழில் தனியாகவே இருக்கிறது. ஆக, எடுத்துச் சொல்லிக் களைவது வேறொரு திறம் என்று அவர் பிரித்து வைத்திருக்கிறார். இந்தத் திறம் முழு நூலாக விரிந்திருப்பதைப் பார்க்க வேண்டுமானால் நீலகேசிக்குத்தான் போக வேண்டும்.

நீலி என்றால் நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். "நீலிக் கண்ணீர் வடிக்கிறா" என்போம். பழையனூர் நீலி, பழிவாங்கும் பேய். ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான நீலகேசியை எழுதிய சமணப் புலவர் (பெயர் தெரியவில்லை, காலம் பத்தாம் நூற்றாண்டை ஒட்டியது என்பது பொதுவான கருத்து) அந்தப் பேயையே எடுத்துத் தத்துவம் பேசுகிறவளாக மாற்றிவிட்டார். இப்படி ஒரு துணிச்சல் எவ்வளவு பேருக்கு வரும்?

கதை சுருக்கமாக இது. சுடுகாட்டருகே காளி கோயில். அங்கே தவம் செய்யும் முனிச்சந்திரர் என்ற முனிவர், பலி கொடுக்க வந்தவர்களிடம் உயிர்ப்பலி வேண்டாம், மண்ணால் செய்த உருவத்தை வைத்துவிட்டுப் போங்கள் என்கிறார். பலி நின்றுபோன காளிக்குக் கோபம். பழையனூர் நீலகேசியை அழைத்து, அந்த முனிவரை விரட்டு என்கிறாள். நீலகேசி பயங்கரமான உருவங்கள் எடுக்கிறாள், சத்தம் போடுகிறாள். முனிவர் அசையவில்லை. அழகான அரசகுமாரியாக வருகிறாள். அவர் அதையும் கண்டுகொள்கிறார். கடைசியில் அவரிடமே உட்கார்ந்து அறம் கேட்கிறாள். முதல் சருக்கம் முழுக்க இதுதான். பின்னால் ஊர் ஊராகப் போய் வாதத்தில் வெல்லப்போகிறவள் முதலில் கூச்சல் போட்டுத் தோற்கிறாள், அப்புறம் வாய் மூடிக் கேட்கிறாள். அதன் பிறகுதான் ஆசிரியர் அவளைப் பேச அனுப்புகிறார்.

அவள் முதலில் எதிர்கொள்வது குண்டலகேசியை. புத்த சமயத்துக்காக நாதகுத்தனார் பாடிய குண்டலகேசிக் காப்பியத்தின் தலைவி. நாவல் கிளையை நட்டு, வாதத்துக்கு வருவோர் வரலாம் என்று அறைகூவும் வழக்கம் உள்ளவள். இவள் கதை பாலி மொழி உரைநூல்களிலும் இருக்கிறது. அங்கே இவள் முதலில் எங்கள் சமயத்துத் துறவியாக இருந்து, பிறகு புத்தரின் சீடர் சாரிபுத்தரிடம் வாதத்தில் தோற்றுப் பௌத்தம் புகுந்தவள். சாரிபுத்தர் எப்படி வென்றார் தெரியுமா? முதலில் நீ கேள் என்றார். அவள் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். எல்லாம் தீர்ந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். 'ஒன்று என்பது எது?' அவளுக்குப் பதில் வரவில்லை. சமணன் நான் சொல்கிறேன், அந்தக் கதையில் வெற்றி பெற்றது நியாயமான முறை.

நீலகேசி குண்டலகேசியை வென்று, அவள் ஆசிரியர் அருக்கச்சந்திரன், பிறகு மொக்கலன், கடைசியில் புத்தர் என்று வரிசையாகப் போகிறாள். பிறகு ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதியர். ஆக மொத்தம் பத்துச் சருக்கங்கள். சமயதிவாகர வாமன முனிவர் எழுதிய விரிவான உரை கிடைத்தது நம் பாக்கியம். மூலத்தையும் உரையையும் 1936-இல் அச்சில் கொண்டுவந்தவர் மேலே சொன்ன சக்கரவர்த்தி நயினார்.

ஆசீவக வாதச் சருக்கத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பூரணன் என்ற ஆசீவகத் தலைவனிடம் நீலகேசி போகிறாள். எடுத்த எடுப்பில் மறுக்கவில்லை. உங்கள் தலைவன் யார், நூல் எது, அந்நூல் சொல்லும் பொருள்கள் என்ன, ஒழுக்கம் என்ன என்று கேட்கிறாள். அவன் சொல்லும் விடையில் தலைவன் மற்கலி, நூல் நவகதிர், பொருள்கள் ஐந்து வகை அணுக்கள் என்றெல்லாம் வருகிறது. எல்லாம் விதிப்படியே நடக்கும், முயற்சியால் ஆவதொன்றும் இல்லை என்பது அவர்கள் கொள்கை. இதை முழுக்கச் சொல்ல விட்டபிறகுதான் அவள் வாய் திறக்கிறாள்.

இதனால் விளைந்த ஒரு நன்மையை அந்தப் புலவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். ஆசீவகர்கள் இந்த நாட்டிலிருந்து மறைந்துபோனார்கள். அவர்கள் நூல் ஒன்றுகூட இன்று கையில் இல்லை. நவகதிர் என்பது வெறும் பெயர். 1951-இல் ஏ.எல். பாஷம் ஆசீவகர்களைப் பற்றி ஆங்கிலத்தில் பெரிய ஆராய்ச்சி நூல் எழுதியபோது, தென்னாட்டு ஆசீவகத்துக்கு அவர் சாய்ந்து நின்றது மூன்று தமிழ் நூல்களின் மேல்: மணிமேகலை, நீலகேசி, சிவஞான சித்தியார் பரபக்கம். ஒன்று பௌத்தம், ஒன்று சமணம், ஒன்று சைவம். மூவருமே ஆசீவகத்துக்கு எதிரிகள்! எதிரிகள் மறுப்பதற்காக எடுத்துச் சொல்லி வைத்ததால்தான் அந்தச் சமயம் தமிழில் என்ன பேசியது என்பது இன்று நமக்குத் தெரிகிறது. குண்டலகேசிக் காப்பியமும் முழுதாகக் கிடைக்கவில்லை. பத்தொன்பது பாடல்கள் போலத்தான் மிச்சம். அந்தக் கட்சியின் வாதம் என்ன என்று தெரிந்துகொள்ளவும் நீலகேசியையும் அதன் உரையையும்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

எதிராளி சொன்னதைப் பாதிக்குப் பாதி வெட்டி, கேலிக்கு ஏற்றபடி கோணலாக்கிச் சொல்லியிருந்தால் இந்த உதவி கிடைத்திருக்குமா?

இங்கே நிறுத்தினால் நான் என் வீட்டுப் புத்தகத்தைப் புகழ்ந்தவன் ஆவேன். நீலகேசியிடம் எனக்குக் குறையும் உண்டு. வயது ஏற ஏற அந்தக் குறை பெரிதாகத் தெரிகிறது. ஆசிரியர் தம் வெற்றியை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார். எதிராளிகள் தங்கள் கொள்கையை நன்றாகவே சொல்கிறார்கள். ஆனால் மறுப்பு வந்ததும் மண்சுவர் மாதிரிச் சரிகிறார்கள். புத்தரையே பாத்திரமாக்கி நிறுத்தி, அவரையும் தோற்கடித்து ஒப்புக்கொள்ள வைத்திருப்பது எனக்குச் சங்கடமாகவே இருக்கிறது. புலால் உண்பது பற்றிய வாதத்தில் பொருள் நம் பக்கம் உறுதியாகத்தான் நிற்கிறது, அங்கே கேலி எதற்கு? நாலடியார் கண்டித்த தோள் தட்டல் அந்த இடங்களில் லேசாகத் தலை காட்டுகிறது. எந்தப் பொருளையும் 'ஒருவகையில்' இப்படி, இன்னொரு வகையில் அப்படி என்று பார்க்கச் சொல்வது எங்கள் அநேகாந்தம். அதை நிலைநாட்டப் புறப்பட்டவள் எதிராளி சொல்வதும் ஒருவகையில் சரி என்று நின்று சொல்லும் இடம் எத்தனை என்று தேடினேன். மிகக் குறைவு. எடுத்துரைப்பதில் அவள் நேர்மையானவள், விட்டுக்கொடுப்பதில் கஞ்சம். அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண் "அது நிஜம்தான்" என்று சொன்னபோது நீலகேசியையும் ஒரு படி தாண்டிவிட்டாள் என்றே இப்போது நினைக்கிறேன்.

மணிமேகலையைக் கொஞ்சம் ஒப்பிடலாம். வஞ்சி நகரில் அவள் சமயவாதிகளின் கொள்கைகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகிறாள். அந்தக் காதையின் பெயரிலேயே 'திறம் கேட்ட' என்று இருக்கிறது. அதே காப்பியத்தின் தொடக்கத்தில் இந்திர விழாவை அறிவிக்கும்போது, வாதம் செய்ய வல்லவர்கள் பட்டிமண்டபம் ஏறுங்கள், பகைவரிடத்தும் சினம் கொள்ளாதீர்கள் என்று முரசறைவோன் சொல்கிறான். இன்று டெலிவிஷனில் நாம் பண்டிகை தோறும் பார்க்கும் பட்டிமன்றத்துக்கு வேர்ச்சொல் அங்கே இருக்கிறது. பௌத்தர் ஆனாலும் சாத்தனாருக்கு இந்த மரியாதை தெரிந்திருந்தது.

நம் இன்றைய மேடைத் தமிழ் இந்த வாத மரபிலிருந்து நேராக வரவில்லை. 1847-ஆம் ஆண்டு டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தம் முதல் சைவப் பிரசங்கத்தைச் செய்தார். அவர் பெர்சிவல் பாதிரியாரிடம் இருந்து பைபிள் மொழிபெயர்ப்பில் உதவியவர். பாதிரிமார்கள் வாரந்தோறும் பேசும் முறையைப் பக்கத்திலிருந்து பார்த்து, அதையே சைவத்துக்குக் கொண்டுவந்தார். எதிராளியிடமே கற்றுக்கொண்டார் என்று சொல்லலாம். அதற்கப்புறம் சுதேசி இயக்கம், திரு.வி.க., பிறகு திராவிட இயக்கத்து அடுக்குமொழி. இந்த வரலாறு இம்மலரின் வாசகர்கள் அறிந்ததே. ஒன்று மட்டும் சொல்லுவேன். அண்ணா 1962-இல் மாநிலங்களவையில் ஆங்கிலத்தில் பேசியபோது தமிழ் மேடையின் அடுக்குமொழியை அங்கே தூக்கிக்கொண்டு போகவில்லை. அது வேறு அவை என்று அவருக்குத் தெரியும். அவரைப் பார்த்துப் பேசக் கற்றவர்களில் பலர் அடுக்குமொழியை எடுத்துக்கொண்டு அவையறிதலை விட்டுவிட்டார்கள்.

இந்த அறிவு எனக்குப் புத்தகத்திலிருந்து மட்டும் வந்ததில்லை. மும்பை துணிச் சந்தையில் கடை போட்ட புதிதில், சாயம் போய்விட்டது என்று ஒரு வாடிக்கையாளர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்போது எனக்கு இந்தியும் அரைகுறை. எங்கள் சரக்கு அப்படிப் போகாது, நீங்கள்தான் வெந்நீரில் போட்டிருப்பீர்கள் என்று உச்சக்குரலில் நான் ஆரம்பித்தேன். தெருவே கூடிவிட்டது. பக்கத்துக் கடைக் குஜராத்திப் பெரியவர் எழுந்து வந்தார். அவர் வியாபாரத்தில் எனக்குப் போட்டிக்காரர். வந்தவரிடம், "பண்டிகைக்கு முந்தின வாரம் சரக்கு கெட்டுப்போச்சு, உங்க கடையில வாங்கினவங்க உங்க மேல பாயறாங்க, உங்க பேரு போகுது, அதுதானே?" என்றார். வந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அதேதான் சேட்" என்றார். அதற்கப்புறம் யார் மேல் தப்பு என்ற கணக்கை இருவரும் ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் பேசி முடித்தோம். பாதி நஷ்டம் என் தலையில்தான். அந்தப் பெரியவர் சாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வந்தவர் மனத்தில் இருந்ததை வந்தவரைவிட நன்றாகச் சொன்னார், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் டேல் கார்னகி 1912-இல் நியூயார்க்கில் பேச்சு வகுப்பு தொடங்கினார். விற்பனையாளர்களும் குமாஸ்தாக்களும்தான் வந்தார்கள். அச்சம் போக்குவதே அங்கேயும் முதல் பாடம். அவர் செய்த நல்ல காரியம், இலக்கணத்தை ஒதுக்கிவிட்டு, அவரவர் வாழ்க்கையில் நடந்ததைப் பேசச் சொன்னது. அந்தப் பெண் பாட்டியின் நோட்டைப் பேசியது இந்த வகை. என் மருமகள் அந்தப் புத்தகங்களைப் படிக்கச் சொல்லி எடுத்துக் கொடுத்தாள். படித்தேன், உபயோகம்தான். ஆனால் பெரும்பாலும் எதிரே இருப்பவரை நம் பக்கம் திருப்புவது எப்படி என்ற கேள்வியே ஓடுகிறது. நாம் அவர் பக்கம் திரும்ப நேர்ந்தால் என்ன செய்வது என்ற கேள்வி அங்கே இல்லை.

சங்கத்துச் செயற்குழுவிடம் 2023-இல் ஒரு விதியைச் சொல்லிப் பார்த்தேன். பேச வரும் ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு முன் எதிரணியில் பேசியவர் என்ன சொன்னார் என்பதை முதலில் இரண்டு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். முன்னவர் தலையை ஆட்டி 'ஆமாம்' என்றால்தான் கடிகாரம் ஓடும். சிலர் சிரித்தார்கள். சிலர், மனப்பாடம் செய்து வரும் பிள்ளைகள் திணறுவார்களே என்றார்கள். கடைசியில் ஒரு வருஷம் நடத்திப் பார்ப்போம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

நடத்தினோம். ரொம்ப நேர்த்தியாக நடந்தது என்று சொல்லமாட்டேன். பாதிப் பிள்ளைகளுக்கு முன்னவர் பேசியது காதிலேயே விழவில்லை. தங்கள் உரையை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பையன், "நான் அப்படிச் சொல்லல" என்று மூன்று தடவை தலையை ஆட்டிவிட்டான். சபையில் சிரிப்பு. நேரம் ஒன்றரை மணி கூடிப்போய், பொங்கல் ஆறிவிட்டது என்று சமையல் பொறுப்பாளர் என்னைத் தேடி வந்தார். ஆனால் ஒரு சின்னப் பெண், எதிரணி சொன்னதைத் தன் வாயால் சொல்லச் சொல்லவே குழம்பி, "அப்ப நீங்க சொல்றதும் சரிதானே?" என்று மேடையிலேயே கேட்டுவிட்டு, கொஞ்சம் யோசித்து, அப்புறம் தன் கட்சியைப் பேசினாள். எழுதிக் கொடுத்த தாள் கையில் மடித்தபடியே இருந்தது.

2018-இல் நான் நான்கு போட்ட பெண் அந்த விழாவுக்கு வந்திருந்தாள். இப்போது கல்லூரி. "அன்னிக்கு உனக்கு மார்க் தப்பாப் போட்டுட்டேன்மா" என்றேன். "போகட்டும் தாத்தா" என்றாள். தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டாளாம், அந்த இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டாளாம். என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை.

விதியை அப்படியே தொடர்வதற்குச் செயற்குழு சம்மதிக்கவில்லை, நேரம்தான் தடை. அதற்குப் பதிலாக மதிப்பெண் தாளில் ஆறாவதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்கள்: முன்னவர் கருத்தை எடுத்துரைத்தல். அதற்குப் பத்து மதிப்பெண். குரல் வளத்துக்கும் இன்னும் பத்துதான். அதைக் குறைக்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறேன்.